பதினொன்றாம் தேதி வாத்து

அத்தியாயம் – 6

நாலு மணிக்கு பஸ் வருகிறது. இப்போது மணி பத்து. பஸ்ஸிலிருந்து இறங்கப் போகிற கிழவி அத்தையா, ஏமாற்றுக்காரியா என்று அதற்குள் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டுமா இருக்கிற அத்தைங்களும் இருக்காங்க, அண்ணி" என்றான் லாம்பெர்ட்.

அண்ணி சிரிக்கவில்லை. வால்பர்கா செண்ட்னர் பொதுவாகவே மதியத்துக்கு முன்னால் சிரிப்பதில்லை. மாவட்ட நில அலுவலகத்தில் முப்பது வருடம் பழைய பத்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள். அதன் பிறகு தொலைந்துபோன உறவுகளையும் ஊர்களையும் தேடிக் கொடுப்பதே தொழிலாகிவிட்டது. அமெரிக்காவில், டகோட்டாவின் இந்தப் பக்கத்தில், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மன்காரர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் தாத்தா ரஷ்யாவில் எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்று தெரியாது. வால்பர்காவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாத ஒரே காரியம் கார் ஓட்டுவது. அதற்குத்தான் இறந்துபோன கணவனின் தம்பி லாம்பெர்ட். முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு வந்தவன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான், வாயை மட்டும் வைக்கவில்லை.

இருவரும் ரோசீனாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புக்குள் வாத்து வெந்துகொண்டிருந்தது. ரோசீனாவுக்கு நாற்பத்தாறு வயது, கல் மாதிரி உறுதியான பெண்பிள்ளை. இன்றைக்கு அவள் கண் வீங்கியிருந்தது. மேஜைமேல் அவளுடைய அப்பாவின் தகரப்பெட்டி கிடந்தது. பூட்டைக் காலையில்தான் சுத்தியலால் உடைத்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பெயர் ஒட்டிலியா. ரோசீனாவின் அப்பா யாக்கோப் ஏபர்லே தன்னுடன் பிறந்த அண்ணன் என்கிறாள். போர் முடிந்து அகதியாகப் போய்ச் சேர்ந்தவள், இந்த ஊர்ப் பங்குக் கோயிலின் பொன்விழா மலர் எப்படியோ கைக்குக் கிடைத்து, அதில் பழைய குடியேறிகளின் பெயர்ப் பட்டியலில் அண்ணனைக் கண்டுபிடித்தாளாம். அப்பா அந்தக் கடிதத்தை ரோசீனா வாசித்து முடிக்கும்வரை கேட்டார். எனக்குத் தங்கையே கிடையாது என்றார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று ஞாயிறாக நற்கருணை வாங்கவில்லை. அவள் வாசலில் கால் வைத்தால் நான் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனவர், இன்னும் உள்ளே வரவில்லை.

"நிஜமாவே அத்தையா இருந்து நான் கதவைச் சாத்தினா, அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்" என்றாள் ரோசீனா. "பொய்யா இருந்து உள்ளே விட்டா, அப்பா செத்துருவாரு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

லாம்பெர்ட் ஜன்னல் பக்கம் பார்த்தான். கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. வருடா வருடம் இந்த நவம்பர் பதினொன்றில், கிழவரின் பிறந்தநாளன்று, இதே மேஜையில், அவரோடு சீட்டாடி வாத்துத் தொடை தின்றவன் அவன். ஊரில் எல்லோரும் தங்கள் பெயர் கொண்ட புனிதரின் திருநாளைத்தான் கொண்டாடுவார்கள். பிறந்தநாள் கொண்டாடுகிற ஒரே ஆள் யாக்கோப் மாமாதான். கிண்டல் செய்தால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். என் புனிதர் ஜூலைக் கடைசியில் வருகிறார், கோதுமை அறுப்பில் எவனுக்கு வாத்து அடிக்க நேரம் இருக்கிறது என்பார். அப்படிப்பட்ட மனுஷன் சொந்தத் தங்கையைத் தெருவில் நிறுத்துவார் என்று நம்ப லாம்பெர்ட்டுக்கு மனம் வரவில்லை.

"அவர் சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று ரோசீனா கடிதத்தை நீட்டினாள். "இந்தப் பொம்பளை ஊர் ஹெல்மென்டால். அப்பா பாஸ்போர்ட்டைப் பாருங்க."

வால்பர்கா முதலில் கடிதத்தைப் படித்தாள். சின்னக் கடிதம். அம்மா அப்பா பெயர், வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறு, கோயிலில் அண்ணன் வாசகம் வாசிக்கிற அழகு. கடைசியில் இப்படி இருந்தது: 'பதினொன்றாம் தேதி, உன் நாளன்று, சாயங்காலம் வந்து சேருவேன். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.'

பிறகு பாஸ்போர்ட்டை எடுத்தாள். ரஷ்ய எழுத்து அவளுக்கு அவளுடைய அப்பா சொல்லிக் கொடுத்தது. யாக்கோப் ஏபர்லே. பிறந்தது 1890, மார்ச் 3. ஊர், கெல்மென்டால்.

"வேற ஊருதான் போல" என்றான் லாம்பெர்ட், கொஞ்சம் ஆசையோடு.

"ரஷ்யாக்காரனுக்கு 'ஹ' எழுத்தே கிடையாதுடா. ஹைன்ரிஹ்னு சொன்னா கெய்ன்ரிக்னு எழுதுவான். இது ஹெல்மென்டால்தான்."

அமெரிக்கக் குடியுரிமைப் பத்திரத்தை விரித்தாள். அதில் ஊர் 'ஹில்மன்டெய்ல்' என்றிருந்தது. அயர்லாந்துக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான் என்றாள். பொன்விழா மலரிலும் அதையேதான் அச்சடித்திருந்தார்கள். அந்தக் கோலத்திலும் தன் ஊரை அடையாளம் கண்டவள் சும்மா ஏமாற்றுக்காரியாக இருக்க முடியாது என்பது வால்பர்காவின் கட்சி.

"ஒரே ஊரை ஆளுக்கொரு மாதிரி கொன்னுருக்கானுங்க" என்றான் லாம்பெர்ட். "நல்லவேளை, அங்க இருந்த ஜனங்களுக்கு இது தெரியாது."

இன்னும் ஒரு பத்திரம் வேண்டும் என்றாள் வால்பர்கா. கல்யாணப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும். அது ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது.

இருவரும் பங்கு வீட்டுக்குப் போனபோது சாமியார் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வேலை பார்க்கிற அம்மாள்தான் பதிவேட்டைத் தூக்கிவந்து மேஜையில் போட்டுவிட்டு, லாம்பெர்ட்டின் கையிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னாள். 1914, பிப்ரவரி. மணமகன் யாக்கோப் ஏபர்லே, ஊர் 'எல்மந்தால்'. எழுதிய சாமியார் பிரெஞ்சுக்காரர், 'ஹ'வை முழுங்கிவிட்டார். தகப்பன் அந்தோன். தாய் யூஃப்ரோசீனா. கடிதத்தில் இருந்த அதே பெயர்கள்.

மதியம் இரண்டு மணிகூட ஆகவில்லை. வேலை முடிந்துவிட்டது. வருகிறவள் யாக்கோப் ஏபர்லேயின் தங்கை, சந்தேகமே இல்லை. அப்படியானால் மாமா பொய் சொல்கிறார். ஒரே ஊர் என்று தெரிந்தும் வேறு என்று சாதித்திருக்கிறார். இருபது வருடமாகத் தன் எதிரில் உட்கார்ந்து சீட்டுப் போட்டவர் இவ்வளவு கல்நெஞ்சக்காரரா என்று நினைக்கவே அவனுக்குக் கசந்தது.

"வாங்க அண்ணி, போய்ச் சொல்லிருவோம்" என்றான்.

வால்பர்கா பதிவேட்டை மூடவில்லை. அவள் விரல் பக்கத்தின் அடியில் நின்றது. மணமகன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி கீறியிருந்தது.

"கோயில்ல வாசகம் வாசிச்சவன்" என்றாள். "தன் பேரை எழுதத் தெரியாம சிலுவை போடுவானா?"

லாம்பெர்ட்டுக்கு ஞாபகம் வந்தது. மாமா செய்தித்தாளை எடுத்து அவன் பார்த்ததே இல்லை. கண் சரியில்லை என்று மனைவியை வாசிக்கச் சொல்வார், மனைவி போன பிறகு ரோசீனாவை. சீட்டில் ராஜாவையும் ராணியையும் மட்டும் அந்தக் கண் முப்பதடியிலிருந்து பார்த்துவிடும்.

"அப்புறம் அந்தத் தேதி" என்றாள் வால்பர்கா. "மார்ச் மூணுல பொறந்தவருக்கு நவம்பர்ல என்ன பிறந்தநாள்?"

"ரஷ்யாவுல அப்ப பழைய காலண்டர்தானே. நாள் பின்தங்கி வரும்."

"பன்னிரண்டு நாள் பின்தங்கும். எட்டு மாசமா?"

அவள் எழுந்து சுவரில் தொங்கிய கோயில் காலண்டரின் முன்னால் போய் நின்றாள். அன்றைய தேதிக்குக் கீழே எதையோ வாசித்தாள். திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது. தன் அண்ணனைப் புதைத்த அன்றைக்குப் பிறகு அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

"வண்டியை எடு" என்றாள். "கொட்டகைக்குப் போகணும்."

வழியெல்லாம் காற்று பிக்கப் வண்டியைத் தள்ளியது. விட்டுவிடலாம் அண்ணி என்று லாம்பெர்ட் கெஞ்சிப் பார்த்தான். எழுபத்தொரு வயசு மனுஷன், அவருக்குப் பிடிக்காத தங்கையை பஸ் நிலையத்திலேயே பேசி அனுப்பிவிடலாம், தன் செலவில் ஓட்டலில் தங்கவைக்கலாம் என்றான். வீட்டு வாசலில் இறங்கியதும் வால்பர்கா ரோசீனாவையும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

கொட்டகைக்குள் கிழவர் கவிழ்த்த வாளியின்மேல், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காலடி கேட்டும் திரும்பவில்லை. வால்பர்கா பத்தடி தள்ளி நின்று, திருநாள் அன்றைக்கு ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வாழ்த்தைச் சொன்னாள்.

"திருநாள் வாழ்த்துகள், மார்ட்டின் அண்ணே."

கிழவரின் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது. வாழ்த்துச் சொன்னால் தொப்பியைக் கழற்றுவதுதான் வழக்கம். கழற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குப் புனித மார்ட்டின் திருநாள்" என்றாள் வால்பர்கா, லாம்பெர்ட்டைப் பார்க்காமலே. "பேரை மாத்திக்கிட்டாரு. ஊரு, அப்பா அம்மா, பொறந்த தேதி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிக்கிட்டாரு. புனிதரை மட்டும் மாத்த மனசு வரல. அதனால அந்த நாளைப் பிறந்தநாள்னு சொல்லி வாத்து அடிச்சாரு."

பிறகு கிழவர் பேசினார், மாடுகளைப் பார்த்துக்கொண்டே.

மார்ட்டின் ஷால் அனாதை. ஏபர்லே வீட்டில் மாடு மேய்க்க வந்தவன். யாக்கோப்பும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே வைக்கோல் மெத்தையில் தூங்கி வளர்ந்தார்கள். 1910-இல் யாக்கோப்புக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. மார்ட்டினைப் பட்டாளம் கூப்பிட்டிருந்ததால் கிடைக்கவில்லை. எல்லைவரை வண்டியில் வைக்கோலுக்குள் ஒளிந்து போனான். அதற்கப்பால் யாக்கோப் தன் பணத்தில் ரயிலேற்றினான். பிரெமன் துறைமுகத்தில், கப்பல் புறப்பட எட்டு நாள் இருக்கும்போது யாக்கோப்புக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாவது நாள் அவனே பாஸ்போர்ட்டை எடுத்து நண்பனின் சட்டைக்குள் திணித்தான். செத்தவன் பெயர் என்ன என்று விடுதிக்காரர்கள் கேட்டபோது, மார்ட்டின் ஷால் என்று மார்ட்டினே சொன்னான்.

"அந்த அம்மா எனக்கும் சோறு போட்டவ" என்றார் கிழவர். "எனக்கு எழுதத் தெரியாது. யாரையாவது விட்டு எழுதச் சொன்னா உண்மையைச் சொல்லணும். சொன்னா திருப்பி அனுப்பிருவாங்க. யாக்கோப்னு பொய் எழுத எனக்கு வாய் வரல. அதனால எழுதவே இல்ல. மகன்கிட்டேருந்து கடுதாசி வரும் வரும்னு வாசலைப் பார்த்துக்கிட்டே அவ செத்திருப்பா. இப்ப அவ பொண்ணு வர்றா. மூஞ்சியைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுருவா. எங்கண்ணன் எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

இவரைப் போய்க் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தது லாம்பெர்ட்டின் நெஞ்சை அறுத்தது. தேடினால் ஒரு நக்கல்கூட வாயில் அகப்படவில்லை.

வால்பர்கா கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். கடைசி வரிகளை மட்டும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். பதினொன்றாம் தேதி, உன் நாளன்று.

"யாக்கோப்போட தங்கச்சிக்கு அவன் நாள் ஜூலைன்னு தெரியாதா? பொறந்தது மார்ச்னு தெரியாதா? அவ யாரோட நாளுக்கு வர்றா, யோசிச்சுப் பாருங்க அண்ணே. இந்த வீட்ல யாருக்கும் தெரியாம உங்களுக்கு மட்டும் புரியணும்னு எழுதியிருக்கா. உங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கறதை மறந்துட்டா. வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி உங்களுக்கே அது பிறந்தநாள் ஆயிடுச்சு, ரோசீனா வாசிச்சப்பவும் அப்படியே கேட்டுட்டீங்க."

கிழவர் மெதுவாகத் திரும்பினார். அப்போதுதான் கதவோரத்தில் நின்ற மகளைப் பார்த்தார். ரோசீனா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளுடைய அம்மாவின் கல்லறையில் நிற்கிற இரும்புச் சிலுவையில் ஏபர்லே என்று வார்த்திருக்கிறது. அவள் கல்யாணமாகாமல் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள், நாற்பத்தாறு வருடமாக அதே பெயரைச் சுமக்கிறவள். அந்தப் பெயர் கடலுக்கு அந்தப் பக்கம் புதைந்து கிடக்கிற வேறொருவனுடையது. ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பஸ் வர்ற நேரமாச்சு. போட்டுக்கோங்க அப்பா" என்றாள்.

பஸ் இருபது நிமிடம் தாமதம். மருந்துக்கடைக்கு எதிரில் நான்கு பேரும் காற்றில் நின்றார்கள். கிழவர் ஒருமுறை திரும்பி வண்டியைப் பார்த்தார். லாம்பெர்ட் நகர்ந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

இறங்கியது ஒரே ஒருத்தி. குள்ளமாக, கறுப்புத் தலைத்துணி கட்டி, கையில் ஒரு துணிப்பையோடு. யாரிடமும் விசாரிக்கவில்லை. நேராக வந்து கிழவரின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "நான் யாக்கோப் இல்ல" என்றார். ஐம்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் பெயரைத் தன் வாயால் சொன்னார். "மார்ட்டின்."

"தெரியும் அண்ணா."

அவள் பையைத் திறந்து ஒரு பழைய சட்டையை எடுத்தாள். மங்கிப்போன நீலம், முழங்கையில் ஒட்டுத் துணி. "நீ செத்துட்டேன்னு சொல்லி உன் பேர்ல இந்த மூட்டை வீட்டுக்கு வந்துச்சு. இந்த ஒட்டு நான் போட்டது, அண்ணன் புறப்படறதுக்கு முந்தின நாள். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அப்ப எனக்குப் பதினாறு. அம்மாகிட்ட சொல்லல."

"அம்மா கடுதாசிக்காகக் காத்திருந்திருப்பா" என்றார் கிழவர்.

"கடுதாசி வந்துச்சே. வருஷத்துக்கு ரெண்டு. அண்ணன் பேர்ல நான்தான் எழுதினேன், நான்தான் வாசிச்சுக் காட்டினேன், அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. அவனுக்குக் கல்யாணம் ஆச்சு, நிலம் வாங்கினான், பொண்ணு பொறந்தான்னு எல்லாம் எழுதினேன். எம்மவன் நல்லா இருக்கான்னு சொல்லிக்கிட்டே கண்ணை மூடினா."

கிழவர் அழுதார். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. லாம்பெர்ட் வேறு பக்கம் பார்க்க முயன்றான், முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஒட்டிலியா. சட்டையை அவர் கையில் கொடுத்தாள், ஆனால் தன் பிடியை விடவில்லை. "அதைக் கேக்காம சாகக் கூடாதுன்னுதான் வந்தேன். பேர்கூட மாறிப்போய் எங்கேயோ போட்டுப் பொதைச்சாங்களே. உசிரு போறப்ப அண்ணன் தனியா இருந்தானா?"

"இல்ல" என்றார் மார்ட்டின். "என் மடியிலதான் தலை இருந்துச்சு. ராத்திரி பூரா கையைப் பிடிச்சிருந்தேன். விடிஞ்ச பிறகும் விடல. அவங்கதான் வந்து பிரிச்சாங்க."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு மூன்று முறை ஆட்டினாள். பிறகு சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, நடுத்தெருவில் என்ன செய்வதென்று தெரியாதவளாக நின்றாள். கேள்வி முடிந்துவிட்டது. இதற்குமேல் யார் வீட்டுக்கு, என்ன முறை சொல்லிப் போவது என்று அவள் யோசித்து வந்ததாகத் தெரியவில்லை.

வால்பர்கா மூக்கைச் சிந்தினாள். அத்தையா இல்லையா என்று ரோசீனா தன்னிடம் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ரத்தப்படி பார்த்தால் இவள் ரோசீனாவுக்கு யாருமே இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று அவள் தயங்குவதை லாம்பெர்ட் பார்த்தான்.

ரோசீனா அதற்காகக் காத்திருக்கவில்லை. முன்னால் வந்து கிழவியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க அத்தை" என்றாள். "வாத்து ஆறிடும்."